காத்துக்கும் குசும்பு உண்டுங்க!

‘ஆடிக் காற்றில் அம்மியும் நகரும்’ என்று முதலில் சொன்னவர் யாரோ, கட்டாயம் பல்லடம், உடுமலைப் பக்கத்து ஆளாகத்தான் இருக்கணும். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மதில்சுவர் மாதிரி மறித்து நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு கேட் திறந்து கிடக்கிறது. அவ்வளவு காற்றும் ரிலீஸ் நாள் தியேட்டர் கூட்டம் மாதிரி அதில் முண்டியடித்து நம்ம ஊருக்குள் வருகிறது. காற்றாலைக்காரருக்குக் கொண்டாட்டம். வேட்டி கட்டியவருக்குத் திண்டாட்டம்!

அம்மிக்கே இந்த கதி என்றால், அந்தரத்தில் வருகிற குட்டி விமானத்துக்கு?

செஸ்னா 172 என்று ஒரு விமானம். நாலு பேர் உட்காரலாம். உலகம் முழுக்கப் பல பைலட்டுகள் ‘எல் போர்டு’ காலத்தில் ஓட்டிப் பழகியது இதைத்தான். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,100 கிலோ சொச்சம். அதாவது, இறக்கை முளைத்த அம்பாஸடர்! இறங்கும்போது வேகம் மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர். அந்த நேரம் பக்கவாட்டில் மணிக்கு 28 கிலோமீட்டர் காற்று அடித்தாலும் இறக்கலாம் என்று கம்பெனி செய்து காட்டியிருக்கிறது. அதற்கு மேல் அவரவர் சாமர்த்தியம்.

சீரான காற்றென்றால் சமாளித்துவிடலாம். விட்டு விட்டு அடிக்கிற காற்றுதான் வில்லன். உடுமலை ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்கு இது புரியும். இடப்பக்கமிருந்து காற்று. நீங்களும் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஓட்டுகிறீர்கள். ஒரு லாரியை ஓவர்டேக் செய்கிறீர்கள். லாரி மறைத்ததும் காற்று சட்டென்று நிற்க, பைக் லாரிப் பக்கமே இழுக்கிறது. தாண்டியதும் மறுபடி பளார்! எல்லாச் சாமியும் ஒரே சமயத்தில் ஞாபகத்துக்கு வருமே... அதேதான்.

பைலட் என்ன செய்கிறார்? மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, நண்டு மாதிரி கோணலாக வருகிறார். கடைசி நொடிகளில் காலால் மூக்கை நேராக்கி, காற்றடிக்கும் பக்கத்து இறக்கையைக் கையால் கொஞ்சம் தாழ்த்தி, ஒரு சக்கரத்தை முதலில் வைக்கிறார். அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றால் விமானம் தொப்பென்று விழும். அதற்குப் பயந்து வேகத்தைக் கூட்டி வந்தால், தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். பொறுமையிழந்து அமுக்கினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதி, பந்து மாதிரி குதித்து, இரண்டாவது மூன்றாவது குதியில் சக்கரம் ஒடியும். இறங்கின பிறகும் நிம்மதி இல்லை. செங்குத்தான வாலைக் காற்று தள்ள, வண்டி திரும்பி ஓடுபாதையை விட்டுக் காட்டுக்குள் போய்விடும்.

இதனால்தான் ஓடுபாதையைக் காற்று வருகிற திசை பார்த்துப் போடுகிறார்கள். பீளமேட்டு ஓடுபாதையின் ஒரு முனைக்கு நம்பர் 23. அந்தப் பக்கம் இறங்குகிற விமானத்தின் மூக்கு 230 டிகிரியை, அதாவது தென்மேற்கைப் பார்க்கும். 260 டிகிரியிலிருந்து 40 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தாலும், கோண வித்தியாசம் 30 டிகிரிதான். பக்கவாட்டில் தள்ளுவது பாதி, 20 கிலோமீட்டர். முழுக்கக் குறுக்கே அடித்தால் 40-ம் அப்படியே இடுப்பில் இடி!

கணக்கு எப்படி இருந்தாலும் மருந்து ஒன்றுதான். சரியாக அமையலையா... இறங்காதே. மறுபடி மேலே கிளப்பி ஒரு சுற்று சுற்றி வா. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலில் சென்னையில் இண்டிகோ விமானம் ஒன்று தரையைத் தொடும் தறுவாயில் ஒரு பக்கம் சாய்ந்தது. பைலட் யோசிக்கவில்லை, சர்ரென்று மேலே ஏற்றிவிட்டார். வீடியோ பார்த்த நமக்குத்தான் வயிறு கலங்கியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அது பெரிய விமானம், காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. ஓடுபாதையில் பாதி தூரம் தாண்டித்தான் சக்கரம் தரை தொட்டது. ‘மேலே கிளப்புங்கள்’ என்று துணை பைலட் சொன்னதாக விசாரணை அறிக்கையே சொல்கிறது. கேப்டன் கிளப்பவில்லை. விமானம் சரிவில் விழுந்து, இரண்டு பைலட்டுகள் உட்பட 21 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இறக்கப் பார்க்கிறார்கள்? கீழே நாலு பேர் பார்க்கிறாங்களே என்கிற கூச்சம், இவ்வளவு தூரம் வந்தாச்சே என்கிற நினைப்பு. ரிவர்ஸ் பார்க்கிங்கில் மாமனார் முன்னால் நாம் படுகிற பாடுதான். நமக்குப் போவது பம்பர். அங்கே போவது உயிர்.

காற்றோடு வீம்புக்கு நிற்காதவர்தான் கெட்டிக்காரர். ‘இன்னொரு ரவுண்டு போகலாம்’ என்று சொன்ன பிறகு பத்திரமாக வீடு வந்து சேருகிற ஒரே கூட்டம், பைலட்டுகள்தானுங்க!