தன்ராஜ் பிள்ளை எத்தனை கோல் அடிச்சாரு?

போன மாசம் ஹாஸ்டல் ரூமில் ஒரு சின்னப் பந்தயம். தோற்றவன் எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். கேள்வி ரொம்ப சிம்பிள்: "தன்ராஜ் பிள்ளை இந்தியாவுக்காக மொத்தம் எத்தனை கோல் அடிச்சாரு?"

நாலு பேரும் போனை எடுத்தோம். ஒருத்தனுக்கு 170 என்று வந்தது. இன்னொருத்தனுக்கு "170-க்கு மேல்" என்று வந்தது. மூணாவது ஆள் ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போய், கடைசியில் ஒரு வரியைப் படிச்சுக் காட்டினான். அந்தக் காலத்தில் இந்திய ஹாக்கி சம்மேளனம் கோல் கணக்கை அதிகாரபூர்வமாக வைத்திருக்கவே இல்லையாம். 170 என்பது அவரும், புள்ளிவிவரம் சேர்க்கும் ஆர்வலர்களும் சொல்லும் ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். பந்தயம் கேன்சல். அவனவன் டீக்கு அவனவன் காசு கொடுத்தான்.

டீ முடிஞ்சுடுச்சு. ஆனா அந்த விஷயம் மட்டும் மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஜூனியர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். தன்ராஜ் பிள்ளை 1968-ல் புனே பக்கத்தில் கட்கியில் பிறந்தவர். அப்பா அம்மா தமிழர்கள். அப்பா அங்கே ஆயுதத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பிள்ளைகளுக்குப் புது ஸ்டிக் வாங்க வழியில்லாததால், மத்தவங்க உடைச்சுப் போட்ட ஸ்டிக்கில்தான் ஆட ஆரம்பித்தார். 1989-ல் இந்திய அணிக்குள் வந்தவர் 2004 வரை ஆடினார். 339 சர்வதேசப் போட்டிகள், நாலு ஒலிம்பிக்ஸ், நாலு உலகக் கோப்பை, நாலு ஆசிய விளையாட்டு. முன்வரிசையில் அவர் பந்தை எடுத்துக்கிட்டு ஓடுவதை யூடியூபில் பாருங்க. வீடியோ மங்கலாத்தான் இருக்கும், ஆனா வேகம் தெரியும்.

இப்படிப்பட்ட ஆளுக்கே கோல் கணக்கு இல்லை.

இதே காலகட்டத்து இன்னொரு ஆட்டக்காரரைப் பார்ப்போம். டேனியல் ஆல்ஃப்ரெட்சன். ஸ்வீடனில் கோதன்பர்க் ஊர்க்காரர். ஐஸ் ஹாக்கி, ரைட் விங்கர். ஐஸ் ஹாக்கிக்கும் காரைக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயம்தான். நம்ம ஊரில் ஐஸ் என்றால் மீன்பிடித் துறைமுகத்தில் பெட்டியில் மீனுக்கு மேல போடுறதுதான். ஆனா இவர் கதை நமக்குத் தேவைப்படுது.

1994-ல் வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீகுக்கு ஆள் எடுத்தபோது, ஆல்ஃப்ரெட்சனை ஒட்டாவா அணி 133-வது ஆளாகத்தான் எடுத்தது. அவருக்கு முன்னாடி 132 பேர் போயாச்சு. நம்ம பாஷையில் சொன்னா, பிளேஸ்மெண்ட்டில் கடைசி நாள் கடைசி கம்பெனி. ஆனா 1996-ல் சிறந்த புதுமுகத்துக்கான விருது அவருக்குத்தான். அப்புறம் ஒட்டாவாவில் 17 சீசன். 2006 ஒலிம்பிக்ஸில் ஸ்வீடன் அணியோடு தங்கம். 2022-ல் ஹால் ஆஃப் ஃபேம்.

லீக் ஆட்டங்களில் அவர் கணக்கைக் கேளுங்க. 1246 போட்டி, 444 கோல், 713 அசிஸ்ட். எந்த நாள், எந்த ஆட்டம், எத்தனாவது நிமிஷம், யார் பாஸ் கொடுத்தது, எல்லாமே பதிவில் இருக்கு. "அவர் எத்தனை கோல் அடிச்சாரு" என்று அங்கே எந்த ஹாஸ்டலிலும் பந்தயம் கட்ட முடியாது. ரெண்டு செகண்டில் பதில் வந்துடும்.

ரெண்டு பேரில் யாருக்குத் திறமை அதிகம் என்று நான் ஒப்பிட வரல. அது வேற ஆட்டம், இது வேற ஆட்டம். என் பாயிண்ட் ஒண்ணுதான். ஆல்ஃப்ரெட்சன் ஆடியது ஒரு "கேரியர்". தன்ராஜ் ஆடியதை நாம "தேச சேவை" என்று சொல்லி, கை தட்டி, அதோட விட்டுட்டோம். கேரியர் என்றால் அதில் கணக்கு இருக்கும், ஒப்பந்தம் இருக்கும், தகராறு வந்தால் பேசுறதுக்கு ஒரு பேப்பர் இருக்கும். சேவை என்று சொல்லிட்டா எதுவும் வேண்டாம், மாலையும் போட்டோவும் போதும்.

தகராறு என்று சொன்னேன் இல்லையா, அதுவும் ரெண்டு பேர் வாழ்க்கையிலும் வந்தது.

1998 டிசம்பர், பாங்காக் ஆசிய விளையாட்டு. தன்ராஜ் கேப்டன். இறுதிப் போட்டியில் தென் கொரியாவை வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. 1966-க்கு அப்புறம், 32 வருஷம் கழிச்சு வந்த தங்கம். நாடே கொண்டாடியது. ஆனா அடுத்த தொடருக்கு அணி அறிவிச்சபோது கேப்டனையே காணோம். கூட இன்னும் சில சீனியர்களும் இல்லை. களைச்சுப் போயிருக்காங்க, ஓய்வு கொடுக்கிறோம் என்பது சம்மேளனம் சொன்ன காரணம். ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் காசு ரொம்பக் குறைவு என்று வெளிப்படையாகப் பேசியதற்கான தண்டனை என்பது வெளியே பரவலாகப் பேசப்பட்ட காரணம். அப்புறம் அவர் திரும்ப வந்தார், 2003-ல் ஆசியக் கோப்பையைக் கேப்டனாக வென்றார் என்பதெல்லாம் உண்மை. ஆனா தங்கம் வாங்கிக் கொடுத்த கேப்டன் அடுத்த தொடரில் வீட்டில் இருந்தார் என்பதும் உண்மை.

ஆல்ஃப்ரெட்சனுக்கும் 2013-ல் ஒட்டாவாவோடு சம்பளப் பேச்சு முறிந்தது. என்ன ஆச்சு? வேற அணிக்கு, டெட்ராய்ட்டுக்குப் போய் ஆடினார். மூணு வருஷம் கழிச்சு, 2016-ல், அதே ஒட்டாவா அவரைக் கூப்பிட்டு, அவர் போட்டிருந்த 11-ம் நம்பர் ஜெர்சியை இனி யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று மைதானத்தில் உயரத் தூக்கிக் கட்டியது. காசு கேட்டதால் அவர் கெட்டவர் ஆகிடல.

சரி, இதெல்லாம் பெரிய ஆட்களோட கதை. இப்ப நம்ம கதைக்கு வர்றேன்.

எனக்கு ரெண்டு வருஷம் சீனியர், மெக்கானிக்கல் அண்ணன் ஒருத்தர். கோவில்பட்டிப் பக்கம். அந்த ஊர் பசங்க ஸ்டிக்கோடதான் பொறப்பாங்க என்று சொல்வாங்க, அது இவரைப் பார்த்தா நம்பத் தோணும். நம்ம டீமில் ரைட் விங். லைனை ஒட்டி ஓடி உள்ளே பந்தைத் தள்ளி விடுவார், கோல் போடுறது வேற யாராவது ஒருத்தர். நாங்க கத்துறது கோல் போட்டவர் பேரை. இவர் பாட்டுக்குத் திரும்பி நடந்து வந்துடுவார்.

ஃபைனல் இயரில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டார். எந்தெந்தப் போட்டி, எந்தத் தேதி, எந்த நிலை, உங்க பங்களிப்பு என்ன என்று கேட்டிருந்தாங்க. அண்ணன் ரூமில் இருந்த சர்டிபிகேட் எல்லாத்தையும் கட்டிலில் பரப்பிப் போட்டார். எட்டு இருந்தது. எட்டிலும் ஒரே வாசகம்தான்: "கலந்துகொண்டார்". ரெண்டில் தேதியே இல்லை. ஒண்ணில் பேர் தப்பு. ஸ்கோர் எழுதிய நோட் எங்கேயாவது இருக்குமா என்று ஒரு வாரம் அலைஞ்சோம். இல்லை. நாலு வருஷம் ஓடியதுக்கு மிச்சம், எங்க போனில் இருந்த மூணு வீடியோ. அதில் ஒண்ணில் அவர் முகம் கூடத் தெரியாது.

"எத்தனை கோலுக்குப் பாஸ் கொடுத்திருப்பீங்கண்ணே?"

"எண்ணலடா தம்பி. யாராவது எண்ணுவாங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பதில் இன்னும் உறுத்துது. ஏன்னா அந்த "யாராவது" நாங்கதான். கரையில் உக்காந்து சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு கத்திக்கிட்டிருந்த நாங்க.

"கோலை எண்ணி வெச்சா மட்டும் வேலை கெடச்சுடுமா?" என்று என் ரூம்மேட் கேட்டான். கிடைக்காமலும் போகலாம். ஆனா கணக்கே இல்லைன்னா கேட்கவே முடியாது. "கோல் மட்டும்தான் ஆட்டமா, பாஸ் கொடுத்தவன் என்ன ஆவான்?" என்றும் கேட்டான். இது நல்ல கேள்வி. ஆல்ஃப்ரெட்சன் கணக்கைத் திரும்பப் பாருங்க. அவர் அடித்ததை விட அடிக்க வெச்சதுதான் அதிகம், 713. அதையும் உக்காந்து எண்ணியிருக்காங்க. விங்கில் ஓடுறவனுக்குக் கணக்கு இருந்தால்தான் மரியாதை.

இதில் காரைக்கால்காரங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கு. நம்மைச் சுத்தி முழுக்கத் தமிழ்நாடு, ஆனா நம்ம அட்டையில் புதுச்சேரி. செலக்‌ஷன் என்றால் சுமார் 130 கிலோமீட்டர் பஸ் பிடிச்சுப் போகணும். அங்கே நம்மை நேரில் பார்த்தவங்க யாரும் இருக்க மாட்டாங்க. நாம யாருன்னு சொல்றதுக்குக் கையில் பேப்பர் மட்டும்தான். பக்கத்திலேயே டெல்டாவுக்கு மேற்கே அரியலூர். அங்கிருந்து கார்த்தி செல்வம் 2023-ல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் இந்திய அணியில் ஆடினார், இந்தியா இறுதிப் போட்டியில் மலேசியாவை 4-3 என்று ஜெயிச்சது. இன்னைக்கு அவர் அடிக்கும் ஒவ்வொரு கோலும் நிமிஷத்தோட இணையத்தில் ஏறுது. மேலே நிலைமை மாறிடுச்சு. கீழே, காலேஜ் மைதானத்தில், இன்னும் தன்ராஜ் காலம்தான் நடக்குது.

நாம இஞ்சினியரிங் படிக்கிறோம். லேபில் ஒரு ரீடிங் விட்டுப்போனா ரெக்கார்டில் கையெழுத்து வாங்க முடியாது. 75 சதவீத அட்டெண்டன்ஸ்க்கு ஒவ்வொரு பீரியடையும் எண்ணி வெச்சிருக்கோம். கூட்டாளி ஓடுறதை மட்டும் எண்ண மாட்டோம்னா, அது சோம்பேறித்தனம் இல்லாம வேற என்ன?

என் யோசனை சின்னதுதான். ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு பக்கம். தேதி, இடம், எதிரணி, ரெண்டு பக்க ஆட்டக்காரர் பேர், கோல் விழுந்த நிமிஷம், அடிச்சது யார், பாஸ் கொடுத்தது யார். முடிஞ்சதும் ரெண்டு கேப்டனும் கையெழுத்து. அன்னைக்கு ராத்திரியே போட்டோ எடுத்து எல்லாருக்கும் பொதுவான டிரைவில் போட்டுடணும். ஹாக்கி மட்டும் இல்ல, கால்பந்து, கபடி, பசங்க டீம், பொண்ணுங்க டீம், எல்லாத்துக்கும். கூடவே கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்கு: பஸ் காசு எவ்வளவு, யார் கையிலிருந்து போட்டது. அதைக் கேட்கிறது பேராசை இல்லை என்று நாமாவது நம்பணும்.

அண்ணன் இப்போ ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலையில் இருக்கார். போன வாரம் போன் பண்ணி நோட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "கோடு நீ போட்டுடுடா, இல்லன்னா பசங்க கன்னாபின்னான்னு எழுதுவானுங்க" என்றார்.

கோடு போட்டாச்சு. சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மேட்ச். நோட்டு என்கிட்ட இருக்கு. நிமிஷம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். யார் வர்றீங்க?