திருவண்ணாமலைத் திருமதில்

திருவண்ணாமலைக்குச் செல்லும் அன்பர்கள் பதினொரு நிலையும் 217 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கைகூப்புகிறார்கள். அதன் இருபுறமும் நீண்டு செல்லும் மதிலை நின்று நோக்குபவர் மிகச் சிலரே. அம்மதில் ஆலயத்தின் எல்லை மட்டுமன்று. ஒரு காலத்தில் அதுவே இந்நகரின் கோட்டையாக இருந்தது.

14-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் இந்நகரைத் தன் தலைநகராகக் கொண்டிருந்தான். அவன் பெயரால் வல்லாள கோபுரம் இன்றும் நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் கர்நாடக யுத்தங்கள் மூண்டபோது, செங்கம் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்கும் சேனைகளுக்கு முதலில் எதிர்ப்படும் ஊர்களுள் ஒன்றாக இது அமைந்தது. உயர்ந்த மதிலும், காவல் பார்க்கக் கோபுரங்களும், உள்ளே வற்றாத தீர்த்தங்களும் இருக்கையில் படைத்தலைவர்களுக்கு வேறு கோட்டை எதற்கு? 1753 முதல் 1791 வரை பத்து முறை இவ்வூர் தாக்கப்பட்டது. அவற்றுள் ஆறு முறை பிடிபட்டது. முரார் ராவ், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹைதர், திப்பு ஆகிய அனைவரின் சேனைகளும் இந்நகரை நாடி வந்தன. இத்தனைக்கும் ஈடுகொடுத்து நின்றது இம்மதில்.

மற்ற நகரங்களின் கதி என்ன? மதுரையின் கோட்டை மதில் 1840-ஆம் ஆண்டையொட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டது. அகழி தூர்க்கப்பட்டு வீதிகளாயிற்று. சென்னையின் பழைய நகர மதிலும் பெரும்பகுதி மறைந்து, வால்டாக்ஸ் ரோடு என்னும் பெயர் எஞ்சியது. திருவண்ணாமலை மதிலோ ஆலயத்தின் உடைமையாக இருந்ததனால் பிழைத்தது.

2002-ல் மத்திய அரசாங்கம் இவ்வாலயத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக அறிவித்துத் தொல்பொருள் இலாகாவின்கீழ்க் கொண்டுவர முற்பட்டது. ஊரார் எதிர்த்தனர், விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. முடிவில் ஆலயம் அறநிலையத் துறையின் வசமே நின்றது. ஊரார் எதிர்த்தது நியாயமென்றே நாம் கருதுகிறோம். நித்திய பூஜை நடக்கும் ஆலயம் காட்சிச்சாலை அன்று. 2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டைக்குப் பொருந்தும் முறைகள் எல்லாம் இதற்கும் பொருந்தா.

ஆனால் உரிமையைக் கேட்டுப் பெற்றவர்கள் கடமையையும் ஏற்க வேண்டாமோ? சுண்ணச்சாந்தால் கட்டிய சுவரின்மேல் சிமெண்டுப் பூசினால், உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையும் காரையையும் அரிக்கும். மதிலை ஒட்டிக் கடைகளும் கொட்டகைகளும் எழுந்தால், பழுது எங்கே என்று பார்ப்பதற்கே வழியில்லாமற் போகும். பகைவரின் பீரங்கி செய்யாததை நம்முடைய அசட்டை செய்துவிடக் கூடாது.

ஆகவே நாம் கோருவது மூன்று. மதிலைப் பழுதுபார்க்கும் வேலை சுண்ணவேலை அறிந்த ஸ்தபதிகளிடமும் தொல்பொருள் நிபுணர்களிடமும் கலந்தே நடைபெற வேண்டும். மதிலின் அடிவாரத்தில் எந்தக் கட்டடமும் எழலாகாது. அம்மதில் கண்ட முற்றுகைகளின் வரலாறு, வருகிறவர் யாவரும் படிக்கும்படி தமிழில் எழுதி வாயிலில் வைக்கப்பட வேண்டும். இவற்றை அரசாங்கம் தானாகச் செய்யுமென்று காத்திராமல், 2002-ல் ஆலயத்துக்காகத் திரண்ட ஊராரே முன்னின்று கேட்க வேண்டும்.