தடையை எடுக்குமுன் கூடத்தைக் காட்டு!

சீனப் பாலுக்கும் பால்பொருள்களுக்கும் நம் நாடு 2008 செப்டம்பரில் தடை போட்டது. மூன்று மாதத் தடை என்று தொடங்கி, நீட்டி நீட்டி, 2019 ஏப்ரலில் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: துறைமுகப் பரிசோதனைக் கூடங்கள் எல்லாம் மெலமைனைக் கண்டுபிடிக்கும் தகுதி பெறும்வரை தடை நீடிக்குமாம்.

பத்தாண்டு கழிந்தும் கூடங்கள் தயாராகவில்லை என்று அரசே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அல்லவா இது?

மெலமைன் என்பது நம் வீட்டில் உடையாத தட்டு இருக்கிறதே, அதன் மூலச்சரக்கு. பாலில் தண்ணீர் கலந்தால் புரதம் குறையும். ஆனால் புரதத்தை நேரே அளக்காமல், நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுவதே வழக்கம். மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். கொஞ்சம் அள்ளிப் போட்டால் தண்ணீர்ப் பாலும் கெட்டிப் பாலாகத் தேறிவிடும். மூட்டையைப் பிரிக்காமல் எடை பார்த்து ரசீது எழுதும் பார்சல் ஆபீஸ்காரர்களான நமக்கு இந்த வித்தை புரியாததல்ல. அப்படித் தேறிய பால்மாவைக் குடித்துத்தான் 2008இல் சீனாவில் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. சிறுநீரகத்தில் கல் அடைத்து 6 சிசுக்கள் மாண்டன.

வியாபாரம் பெருக வேண்டும், தடையை எடு என்பார் ஒரு பக்கம். அந்நியப் பாலை விரட்டினோம் பார் என்று மார்தட்டுவார் மறுபக்கம். இருவரையும் நாம் கேட்பது ஒன்றே: கூடம் எங்கே?

உள்நாட்டுப் பாலின் கதை என்ன? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் 6,432 மாதிரிகள் எடுத்தது. ஆபத்தான கலப்படம் 12 மாதிரிகளில்தான், நல்லது, மறுக்கவில்லை. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நஞ்சு அளவுக்கு மேல்! பூசணம் பிடித்த தீவனத்தைத் தின்ற மாட்டின் வழியாக வருவது இது, காய்ச்சினாலும் போகாது. இதில் முன்வரிசையில் நின்ற மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. ஊர்ச் சரக்கென்றால் கண்ணை மூடி நம்பும் நமக்குக் கசப்பான செய்திதான். துறைமுகத்தில் போட்ட தடை இந்த நஞ்சை நிறுத்துமா?

ஆகவே தடை இருக்கட்டும். ஒவ்வொரு துறைமுகக் கூடத்திலும் கருவி வரட்டும். அதை இயக்க நிரந்தர ஊழியர் வரட்டும், ஒப்பந்தக் கூலி வேண்டாம். உள்ளூர்ப் பாலும் தீவனமும் அதே கண்டிப்புடன் சோதிக்கப்படட்டும். முடிவுகளை மாதந்தோறும் மக்கள் மொழியில் ஒட்டுங்கள். அதுவரை தடை நீக்கும் பேச்சே கூடாது.

தோழர்களே, மும்பையில் வாழும் நமக்கு நாவசேவாத் துறைமுகம் தூரமில்லை. அங்கிருந்தே கேட்கத் தொடங்குவோம். மனுவில் கையெழுத்திட வருவோர் வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். பால் கணக்கு அவர்கள் கையில்தான் இருக்கிறது.