மழைக் கோடையில் காய்கறித் தோட்டம்



பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்கள் குறைந்த வாடகைக்குத் தரும் காய்கறி நிலத்துண்டை 'அலாட்மென்ட்' என்பார்கள். மரபான அளவு ஏறக்குறைய 250 சதுர மீட்டர். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறியில் பெரும்பகுதி அதிலேயே விளையும், கோடை ஒத்துழைத்தால்.

2012இல் ஒத்துழைக்கவில்லை. வசந்தத்தில் வறட்சி, இங்கிலாந்தின் பல பகுதிகளில் தோட்டத்துக்கு ஹோஸ் பிடிக்கவே தடை. அப்புறம் பிடித்த மழை விடவில்லை. 1912க்குப் பின் அந்நாடு கண்ட மிக ஈரமான கோடை அது. ஓடில்லா நத்தைகளுக்குக் கொண்டாட்டம். பீன்ஸ் நாற்றுகள் ஒரே இரவில் மொட்டையாகும்.

அதைவிடக் கொடியது உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல் நோய். 1845இல் அயர்லாந்தில் பஞ்சத்தைத் தொடங்கிவைத்த அதே கிருமிதான். அடுத்தடுத்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல், நாளுக்கு 6 மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் போதும், இன்று பிரிட்டனில் நோய் எச்சரிக்கை விடுகிறார்கள். நோய் பரவத் தொடங்கியதும் தண்டுகளைத் தரையோடு அறுத்து அகற்றிவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தோண்டினால் கிழங்கு பெரும்பாலும் தப்பும். இலைக்காக இரக்கப்பட்டால், மழைநீரோடு வித்துகள் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கையும் அழுகவைக்கும். தக்காளிக்கும் இதே கதி.

ஹங்கேரியின் சார்வாரி குடும்பத்தார் உருவாக்கிய 'சார்போ மிரா' ரகம் இந்நோயை நன்றாகத் தாங்குகிறது. புகழ்பெற்ற 'கிங் எட்வர்ட்' தாங்குவதில்லை. பிரிட்டனில் தோட்டம் வைத்திருக்கும் வாசகர்கள் அடுத்த முறை விதைக்கிழங்கு வாங்கும்போது சார்போ மிராவில் ஒரு வரிசையாவது நடவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்