பதினொரு மணிக் கை

"கையை நீட்டுங்க ராத்தா."

நீட்டினேன்.

"மடக்குங்க."

மடக்கினேன்.

"நல்லாத்தானே மடங்குது!"

இவ்வளவுதான் விசாரணை. முற்பகல் பதினொரு மணிக்கு ஓர் அரச அலுவலக மேசைக்கு முன்னால் எனது பன்னிரண்டு வருட வருத்தம் இரண்டு நிமிடத்தில் சுகமாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தத் தம்பி மீது எனக்குக் கோபமில்லை. கதிரை தந்தார், மரியாதையாகப் பேசினார். எனது கோபமெல்லாம் அவர் பிடித்திருக்கும் அளவுகோலின் மீதுதான்.

எனக்கிருப்பது முடக்குவாதம். வயது போனால் வரும் மூட்டுத் தேய்மானமல்ல. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் பாதுகாப்புப் படை, ஆள் மாறித் தனது மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகின்ற வருத்தம். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. விடியற்காலையில் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். சுபஹுக்கு எழும்பினால் தண்ணீர்க் குழாயைத் திறக்க மகள் வர வேண்டும். பத்து மணிக்குப் பிறகுதான் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக என் சொல் கேட்கும். அலுவலகம் பார்த்தது பதினொரு மணிக் கையை. ஐந்து மணிக் கையை எவரும் விசாரிக்கவில்லை.

நான் தையற்காரி. பெருநாள் காலத்தில் இரவிரவாக மெஷின் மிதித்தவள். இப்போது ஒரு வாரம் தைப்பேன். அடுத்த இரண்டு வாரம் கத்தரிக்கோல் பிடிக்க ஏலாது. சொன்ன நாளில் சட்டை கொடுக்காத தையற்காரியிடம் யார் துணி கொண்டு வருவார்? வருத்தம் மாதத்தில் பாதியைத்தான் தின்கிறது. தொழிலை முழுதாகத் தின்றுவிட்டது.

சட்டம் என்னை ஒதுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடலிலோ உள்ளத்திலோ உள்ள குறைபாட்டினால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற முடியாதவரையும் கணக்கில் எடுக்கிறது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயமும் நீண்டகாலக் குறைபாடுகளைப் பற்றியே பேசுகிறது. 'பகுதியாக' என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. மேசைக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது.

சிறுநீரக நோயாளர்களுக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. வேண்டியதுதான். மாற்றுத்திறனாளிகளின் கொடுப்பனவோடு அதுவும் 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத வருத்தமும் ஒரு குடும்பத்தின் உழைப்பை முடக்கும் என்பதை அங்கே அரசு ஒத்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒத்துக்கொண்டதை எனக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

இன்னொரு வேடிக்கை. கிளினிக்கில் அரசாங்கமே எனக்கு இலவசமாக மருந்து தருகிறது. எதற்கு? விரல்கள் கோணாமல் இருப்பதற்கு. கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது காதுத் தோட்டை விற்று வெளியில் வாங்கிக் குடித்ததும் அந்தப் பயத்தினால்தான். இப்போது, கோணவில்லையே என்று அதே அரசாங்கத்தின் மற்ற மேசை கை விரிக்கிறது. மருந்தை நிறுத்தி விரலைக் கோண வைத்துக்கொண்டு வரட்டுமா?

இப்படி வழி விட்டால் பொய்க்காரரும் வருவார்கள் என்பார்கள். வந்தால் பிடியுங்கள். என் கிளினிக் கொப்பியில் திகதி, மருந்து, இரத்தப் பரிசோதனை, வீங்கிய மூட்டுகளின் கணக்கு எல்லாம் டொக்டர்மாரின் எழுத்தில் இருக்கின்றன. ஒரு நாள் கையை மடக்காமல் எவரும் நடிக்கலாம். பன்னிரண்டு வருடக் கொப்பியை நடிக்க முடியாது. அந்தக் கொப்பியை அன்று எவரும் திறக்கவில்லை.

எழுதுகின்ற நம்மையும் கேட்கிறேன். நமது கதைகளில் ஊனம் என்றால் ஊன்றுகோல் அல்லது கறுப்புக் கண்ணாடி. பார்த்தவுடன் கண் கலங்க வேண்டும். நல்ல சாரி உடுத்திச் சிரித்துப் பேசுபவளுக்கு நமது கதையிலும் இடமில்லை. நானும் அப்படி இரண்டு கதைகள் எழுதியவள்தான். மேசையிலிருக்கும் தம்பியும் நம்மை வாசித்து வளர்ந்தவராக இருக்கலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரு நாளின் கையைப் பார்க்காமல் ஒரு வருடத்தின் கொப்பியைப் பாருங்கள். மடங்குகிறதா என்று கேட்காமல், மாதத்தில் எத்தனை நாள் உழைக்க முடிந்தது என்று கேளுங்கள். நிலைமை மாறினால் மறுபடி பரிசீலியுங்கள், அதற்கும் சம்மதம்.

மேன்முறையீடு எழுதியிருக்கிறேன். நான் சொல்ல மகள் எழுதினாள். விசாரிக்க விரும்பினால் விடியற்காலையில் என் வீட்டுக்கு வரும்படி அதில் கேட்டிருக்கிறேன். கதவைத் திறக்க மட்டும் கொஞ்சம் சுணங்கும்.