தீபாவளி லீவுக்கு மலைக்குப் போறீங்களா?

வெம்பக்கோட்டைப் பக்கம் புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்துவிட்டால் எந்த வீட்டுத் திண்ணையிலும் ஒரே பேச்சுதான்.

"இந்தத் தடவையாவது கொடைக்கானல் போயிருவமா மதினி?"

"குத்தாலமே போதும் தாயி, பிள்ளைக குளிக்கும்ல..."

வேலை செய்கிற கை நிற்காது. பேச்சு மட்டும் மலையேறிவிடும்!

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். ஊருக்கெல்லாம் தீபாவளி ஒரு நாள் பண்டிகை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு அதுதான் வருடக் கணக்கு முடிகிற நாள். அதுவரை பயர் ஆபீஸில் (பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஊரில் பெயர் அதுதான்) ஓட்டமோ ஓட்டம். பண்டிகை முடிந்ததும் சில வாரங்கள் கேட் பூட்டியிருக்கும். மறுபடி பூஜை போட்டுத்தான் வேலை தொடங்கும். வருடத்தில் சேர்ந்தாற்போல் கிடைக்கிற லீவு இது ஒன்றுதான். ஆனால் தினக்கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் வேலை செய்கிறவர்களுக்கு வேலையில்லாத நாளில் கூலியும் இல்லை. கையில் இருப்பது போனஸ் பணம். துணிமணி, சீட்டு, பழைய கடன் எல்லாம் போக மிச்சம் இருப்பதில்தான் டூர்.

பி.காம். முதல் வருடத்திலேயே 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதை விட்டுக் கொடுக்கிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த மலைப் பயணத்துக்கு வேன் வாடகை பெரிய செலவே இல்லை. வருடம் முழுக்க உட்கார்ந்த இடத்தில் மருந்து வாசனையோடு வேலை பார்த்த உடம்புக்குக் கிடைத்த இரண்டு மூன்று நாள் ஓய்வுதான் பெரிய செலவு!

அந்த ஓய்வை எப்படிச் செலவு செய்கிறார்கள்? ராத்திரி ஒரு மணிக்கு வேன் வரும். அதற்கு முன்பே வீட்டு அம்மா எழுந்து புளியோதரை கிளறி, தயிர்ச்சாதம் பிசைந்து, உருளைக்கிழங்கு வதக்கி, தண்ணீர் கேன் நிரப்பி, பிள்ளைகளை எழுப்பி ஸ்வெட்டர் மாட்டியிருப்பார். (ஸ்வெட்டர் பக்கத்து வீட்டில் இரவல்.) வத்தலக்குண்டு தாண்டியதும் பாதி வேனுக்கு வாந்தி. மேலே போனால் டிராபிக். ஏரியை ஒரு சுற்று, தூண் பாறையில் பத்து நிமிடம். ஐப்பசி மாதம் அல்லவா, பாறை தெரியாது, வெள்ளையாகப் பனிமூட்டம்தான் தெரியும். அதன் முன்னால் நின்று போட்டோ. ஊர் திரும்பும்போது மறுபடி நடுச்சாமம். மறுநாள் எல்லோரும் தூங்க, அம்மா மட்டும் மூட்டை மூட்டையாக அழுக்குத் துணி துவைப்பார். இந்த வட்டாரத்தில் அந்த அம்மாவும் சம்பாதிக்கிறவர் என்பதை மறந்துவிடாதீர்கள். டூர் பணத்தில் அவர் போனஸும் இருக்கிறது. ஓய்வு மட்டும் அவருக்கு இல்லை! இதற்குப் பெயர் ரிலாக்ஸா?

அடுத்து சீசன் மேட்டர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'இலையுதிர்காலம்' என்று படித்திருப்போம். சினிமாப் பாட்டிலும் மஞ்சள் இலை கொட்டும். ஆனால் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற தமிழ்ப் பருவங்கள் ஆறிலும் இலை உதிர்கிற பேச்சே இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மழையும் குளிர்காற்றும் சேர்ந்த காலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்து அடிவாரக் காடு இலை உதிர்ப்பதெல்லாம் மாசி பங்குனியில்தான். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அமெரிக்கக் காலண்டர் படத்தைப் பார்த்துவிட்டு மலையேறினால் குடைதான் கிழியும்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், குற்றாலத்தில் சாரலும் சீசனுமாக இருப்பது ஆனி, ஆடி. அப்போது பயர் ஆபீஸில் ஆர்டர் குவிந்து கிடக்கும், யாரும் நகர முடியாது. லீவு கிடைக்கிறபோதோ அருவியில் வெள்ளம். மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஆசையாகப் போனவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று போலீஸைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

திட்டாதீர்கள் நண்பர்களே. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் இறந்தான். 2015 மே மாதம் சதுரகிரியிலும் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் இறந்தார்கள். இரண்டுமே கோடையில் நடந்தவை. ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். காட்டு ஓடை எப்படிப் பொங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் பாறைச் சரிவில் நிற்காமல் இறங்கிச் சில நிமிடங்களில் ஓடைக்கு வந்துவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறிவிட வேண்டும். நடந்து கடந்து போன ஓடை திரும்பும்போது கடக்க முடியாமல் போகும். அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மீட்பது இந்த மலையடிவாரத்தில் புதிய செய்தி இல்லை.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். உச்சிக்குப் போகாமல் அடிவாரத்துக்குப் போகலாம். வெம்பக்கோட்டையிலிருந்து மலை ஒன்றும் தூரம் இல்லை. மழை விட்ட மறுநாள் காலையில் மேற்கே பார்த்தால் நீலமாகத் தெரிவது அதுதான். ராஜபாளையத்துக்கு மேற்கே மாந்தோப்புகளைத் தாண்டி அய்யனார் கோவில். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. வத்திராயிருப்புக்கு மேலே பிளவக்கல் அணை. ஒரு பக்கம் நெல் வயலும் தென்னையும், மறுபக்கம் மேகம் உட்கார்ந்த மலையும். கொடைக்கானலில் காசு கொடுத்தாலும் கிடைக்காத அமைதி அங்கே இருக்கிறது.

ஒன்று கவனம். இந்தக் காடு 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. செக்போஸ்டில் விடுகிற இடம் வரைக்கும்தான் போகலாம். மழை நாளில் கேட் மூடியிருக்கலாம், கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. செண்பகத்தோப்புப் பக்கம் மரத்துக்கு மரம் தாவுகிற சாம்பல் நிற மலை அணிலைப் பார்க்க அதிர்ஷ்டமும், அதைவிட முக்கியமாகச் சத்தம் போடாத வாயும் வேண்டும். அப்புறம்... வீட்டில் மிச்சம் இருக்கிற அணுகுண்டையும் சரத்தையும் தயவுசெய்து வேனில் ஏற்றாதீர்கள்! பட்டாசு ஊர்க்காரர்கள் வந்தால் காடே அதிரும் என்ற பெயர் தேவையா?

நாள் விஷயத்திலும் ஒரு யோசனை. 2024-இல் தீபாவளி வியாழக்கிழமை, வெள்ளியும் அரசு விடுமுறை, ஆக நான்கு நாள். தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் மலையேறினார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்ததே இப்படிப்பட்ட கூட்டத்தால்தான். சென்னை, பெங்களூர் கம்பெனிக்காரர்களுக்கு அந்த நாட்களை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் பயர் ஆபீஸ் லீவு அதற்குப் பிறகும் நீள்கிறதே? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், உண்மைதான். அடுத்த வார சனி, ஞாயிறு போகலாமே. வேன்காரரும் கொஞ்சம் இறங்கிவருவார். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு ராத்திரி ரூம் போட்டுத் தங்குங்கள். விடிந்து எட்டு மணிக்கு எழுந்து இட்லியைக் கடையில் சாப்பிடுங்கள். 'சோத்துக்கு எதுக்கு தண்டச் செலவு' என்பவர்களுக்கு ஒரு கேள்வி: அம்மா ராத்திரியில் எழுந்து கிளறுகிற புளியோதரைக்கு என்ன கூலி போட்டீர்கள்?

போனஸ் பணம் தீர்ந்துவிட்டதா, அதற்கும் வழி இருக்கிறது. மேற்கே மலையில் பெய்கிற மழை ஓடை ஓடையாக இறங்கி வைப்பாற்றில் சேர்ந்து வெம்பக்கோட்டை அணைக்குத்தான் வருகிறது. மழை இல்லாத சாயங்காலமாகப் பார்த்து அணைக்கரைக்குப் போனால், நீரும் காற்றும் எதிரே நீலமலையும் இலவசம். பிள்ளைகளைத் தண்ணீரில் மட்டும் இறக்கிவிடாதீர்கள். பரோட்டா பார்சலை வீட்டு ஆண்பிள்ளை யாராவது வாங்கி வரட்டும். இலையை எடுத்துப் போடுவதும் அவர்களாகவே இருக்கட்டும்.