மூக்கு மட்டும் மேலே

இலக்கியம் பேசுகிற இடத்தில் வண்டிக் குழாய்க்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எங்களை இங்கே இழுத்துவந்தது ஒரு சொல்தான். ஸ்நார்கெல் என்பது ஜெர்மானியக் கடற்படையினரின் கொச்சையிலிருந்து வந்தது. மூக்கு என்று பொருள். குறட்டைக்கான ஜெர்மன் சொல்லோடும் அதற்கு உறவுண்டு. 1940இல் நெதர்லாந்தைப் பிடித்தபோது அந்நாட்டு நீர்மூழ்கிகளில் கண்ட காற்றுக்குழாயை ஜெர்மானியர் எடுத்து வளர்த்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஓடும் டொயோட்டா லேண்ட் குரூஸர்களில், முன்கண்ணாடியை ஒட்டிக் கூரைவரை எழும்பி நிற்பது அந்த மூக்கின் வாரிசு. அங்கே அது அலங்காரமன்று. முன்செல்லும் வண்டி கிளப்பும் செம்புழுதிக்கு மேலிருந்து ஓரளவு தூய காற்றை இழுப்பதே அதன் அன்றாடப் பணி. ஆற்றைக் கடப்பது எப்போதாவதுதான். எஞ்சினுக்குள் புகுந்த நீர் காற்றைப்போல அமுங்காது. மேலேறும் பிஸ்டன் முட்டி நிற்க, கனெக்டிங் ராட் வளைந்துபோகும். அதைத் தடுக்கவும் இக்குழாய் உதவும்.

ஆனால் பலரும் இதைத் துணிவின் சின்னமாக வாங்கிப் பொருத்துகிறார்கள் என்பதே எங்கள் மனக்குறை. மட்கார்டில் துளையிட்டு, வெட்டிய விளிம்பில் துருவேறாமல் வண்ணம் பூசி, குழாயைத் திருகிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். பல வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் நீர் வடியும் துளை ஒன்று இருக்கும். அதைக் கவனிக்காமலும் மூட்டுகளை இறுக்காமலும் விட்டால், மூக்கு கூரைமேல் இருக்க, எஞ்சின் கீழ்வழியே தண்ணீர் குடித்துவிடும். டிஃபரன்ஷியல் பெட்டிக்கும் ஒரு மூச்சுத்துளை உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பெட்டி குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சும். எண்ணெய் பால்போல வெளுத்துவிடும். அந்தத் துளையிலிருந்தும் மெல்லிய குழாயொன்றை உயரே கொண்டுசெல்ல வேண்டும். புகைப்படத்தில் தெரியாத வேலை என்பதாலோ என்னவோ, இதில் ஆர்வம் காட்டுபவர் குறைவு.

இவ்வளவும் செய்த பின்னும் ஆற்றின் இழுப்பு இருக்கிறது. ககாடு வனப்பகுதியில் ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் குறுக்கே கேஹில்ஸ் கிராஸிங் என்றொரு தாழ்ந்த தளம். கடலோதம் அதுவரை ஏறி வரும். உவர்நீர் முதலைகள் காத்துக் கிடக்கும். நீரின் உயரம் காட்டும் அளவுகோல் இருந்தும், அங்கே அடித்துச் செல்லப்பட்ட வண்டிகள் பல. நீர் கதவுவரை ஏறினால் வண்டி மிதக்கப் பார்க்கும், சக்கரம் பிடியிழக்கும். பிறகு எஞ்சின் ஓடினாலென்ன, நின்றாலென்ன?

தயாரிப்பாளர் குறித்த ஆழ எல்லை, வெளியே வாங்கிய குழாயால் கூடிவிடுவதில்லை. நம் சாலைகளில் ஓடும் மஹிந்திரா தார் வண்டிக்கு அது 650 மில்லிமீட்டர். ஏறத்தாழ முழங்காலுக்குச் சற்று மேல். மழைநாளில் நிரம்பிய சுரங்கப்பாதைக்குள் இறங்குபவர் யார் அதை அளந்து பார்க்கிறார்கள்?

குழாய் பொருத்த எண்ணும் நண்பர்களிடம் நாங்கள் வேண்டுவது இதுதான்: கடைக்காரரிடம் முதலில் டிஃபரன்ஷியலின் மூச்சுத்துளையைப் பற்றிக் கேளுங்கள். அவர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.